135 மிமீ லென்ஸில் நட்சத்திரம் இழுபடுகிறது: கைடிங் தேவையா?

வணக்கம். ஏலகிரியில் டிராக்கர் (வானம் நகரும் வேகத்தில் கேமராவைத் திருப்பும் கருவி) வைத்து ஓரியன் நெபுலா எடுக்கிறேன். 135 மிமீ, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, 120 விநாடி. பத்துப் படத்தில் மூன்று நான்கில் மட்டும் நட்சத்திரங்கள் கிழக்கு மேற்காக 6, 7 பிக்சல் இழுபடுகின்றன. மற்றவை சுத்தமான புள்ளி.

டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை வைத்துத்தான் சீரமைக்கிறோம்; இங்கே அது 12.5 டிகிரி உயரம்தான், தூசியில் மங்கல். ஆனாலும் சந்தேகம் சீரமைப்பின் மேல் இல்லை: அது பிசகினால் எல்லாப் படமும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். கெட்ட படங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகின்றன. டிராக்கரின் 144 பல் சக்கரத்தைத் திருப்பும் வார்ம் (திருகு வடிவப் பல்லிணை) ஒரு சுற்று சுற்றும் நேரமும் அதுதான். பற்கள் ஒட்டியே இருக்கட்டும் என்று கிழக்குப் பக்கம் சற்றுக் கனமாக வைத்தும் பார்த்தாயிற்று, மாற்றமில்லை.

60 விநாடியாகக் குறைத்தால் இழுவை பாதியாகும், படங்களை இரட்டிப்பாக எடுக்க வேண்டும். அல்லது 30 மிமீ கைட் ஸ்கோப் (சிறு துணைத் தொலைநோக்கி) வாங்கி ஒரே அச்சில் (கிழக்கு மேற்காக மட்டும்) கைடிங், அதாவது ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து டிராக்கரின் வேகத்தைத் திருத்துவது, செய்யலாமா? வார்மை இறுக்கிப் பார்த்தவர்கள், கிரீஸ் மாற்றியவர்கள் பலன் இருந்ததா என்று சொல்லுங்கள்.