புதுப்பிப்பு: கொல்லைப்புற நிழல்துணியில் மழைநீர் தேங்குவது நின்றுவிட்டது

கொல்லைப்புறத் தளத்துக்கு மேல் கட்டிய நீர்புகாத நிழல்துணி நடுவில் தொய்ந்து, மழைநீர் குளமாகத் தேங்குகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு மூலைகளை உயர்த்தி, மற்ற இரண்டையும் தாழ்த்திக் கட்டச் சொன்ன யோசனைதான். இரண்டடிக்கு மேல் வித்தியாசம் வைத்தோம். நைலான் கயிற்றை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகு டர்ன்பக்கிள் (முறுக்கினால் இழுத்து இறுக்கும் திருகுக் கொக்கி) மாட்டி முறுக்கியதும் துணி பறைத்தோல்போல் விறைத்து நின்றது. கோடைமழை கொட்டியபோது தண்ணீர் முழுவதும் தாழ்ந்த மூலைகள் வழியாக வடிந்துவிட்டது. அங்கே வாளி வையுங்கள், நல்ல தண்ணீர் வீணாக வேண்டாம்.

எதிர்பாராதது: மாலை வெயில் சாய்ந்ததும் நிழல் கிழக்கே நகர்ந்து, நாற்காலிகள் வெயிலில் நிற்கின்றன. சாய்ந்த வெயிலை மறைக்க, தாழ்ந்த மூலைகளில் ஒன்று மேற்கே இருப்பது நல்லது. துணியும் போகப்போகச் சற்று நீள்கிறது. மறுபடி முறுக்க டர்ன்பக்கிளில் மரை மிச்சம் இருக்கும்படி கட்டுங்கள்.