அல்டெஸா, செப்பாங், தே ஓ நிறத்தில் ஒரு பிரேக் எண்ணெய்

வேலை நாளில் அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை செப்பாங் பந்தயத் தடத்துக்கும் ஒரே காடியை (காரை) ஓட்டிக்கொண்டு அலைகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால் நான் எந்த வரிசையில் முட்டாள்தனம் செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களும் உங்கள் கதையைப் போடுங்கள்.

என்னுடையது 2001 டொயோட்டா அல்டெஸா ஆர்எஸ்200, ஆறு கியர் மேனுவல். வெளிநாடுகளில் லெக்சஸ் ஐஎஸ் என்று விற்ற அதே உடம்பு. எஞ்சின் 3எஸ்-ஜிஇ பீம்ஸ், 2 லிட்டர், டர்போ கிடையாது, 7,600 சுற்றில் 210 குதிரைத்திறன். 1998-இல் வந்த உடனேயே ஜப்பானில் ஆண்டின் சிறந்த கார் விருதை வாங்கிய காடி. நான் வாங்கியதற்குக் காரணம் இது எதுவுமில்லை. பெரிய கைக்கடிகாரத்துக்குள் குட்டிக் கடிகாரங்களை வைத்த மாதிரி இருக்கும் அந்த மீட்டர் போர்டைப் பார்த்துத்தான் மயங்கினேன். இன்றைக்கும் சாவியைத் திருப்பி அந்த முள்கள் எழும்புவதைப் பார்த்தால் ஒரு சந்தோஷம்.

முதல் வருடம் செய்த வேலைகள்: எக்சாஸ்ட் மாற்றினேன், 18 அங்குல ரிம் போட்டேன், ஸ்பிரிங்கை இறக்கிக் காடியைத் தரையோடு ஒட்டவைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. மாமாக் கடை வாசலில் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அம்மா மட்டும் பின் சீட்டில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு, "என்னடா, லோரில போற மாதிரி இருக்கு" என்றார். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) முக்குக்கு முக்கு வேகத்தடை மேடு. ஒவ்வொன்றிலும் அடிப்பாகம் உரசும், அம்மா ஒவ்வொரு தடவையும் "முருகா" என்பார். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதென்றால் தம்பியின் மைவி காடிதான்.

செப்பாங்குக்கு முதல் தடவை போன அன்று அம்மா விடியற்காலையிலேயே எழுந்து நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்திட்டுப் போ" என்றார். ஏற்றிவிட்டுப் போனேன். டயரின் பள்ளத்தில் ஒரு விதை மாட்டியிருந்ததைக் காடி சோதிக்க வந்த பையன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நீள நேர்சாலை, இரண்டின் முடிவிலும் பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டும். இதைக் காகிதத்தில் படித்தால் ஒன்றும் உறைக்காது. நாலாவது சுற்றில், பிரதான நேர்சாலை முடிவில், முள் 190-ஐ நெருங்கும்போது முதல் வளைவுக்காகப் பிரேக்கை மிதித்தேன். வழக்கமாகக் காலுக்கு ஒரு எதிர்ப்பு வருமே, அது வரவில்லை. ஈரத் துணியை மிதித்த மாதிரி பெடல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை மிதித்தபோது கொஞ்சம் பிடித்தது. அதற்குள் வளைவு கடந்துபோய், நான் ஜல்லியில் நேராக இறங்கி நின்றுவிட்டேன். காடிக்கும் எனக்கும் கீறல் இல்லை. ஆனால் கை நடுங்கி, ஹெல்மெட் பக்கிளைக் கழற்ற ரொம்ப நேரம் ஆனது.

மறுநாள் எனக்குத் தெரிந்த ஒரு போமனிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோனேன். அவர் வீல் பக்கத்து நட்டைத் தளர்த்தி, தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் காலி மினரல் வாட்டர் போத்தலில் விட்டு, என்னைப் பெடல் மிதிக்கச் சொன்னார். வந்த எண்ணெய் தே ஓ, அதாவது பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. குழாயில் குட்டிக் குட்டிக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. "இது பிரேக் எண்ணெய் இல்ல தம்பி, சோடா" என்றார்.

விஷயம் எளிதுதான். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த அளவுகோல் 155-க்கு இறங்கிவிடுகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு மூன்று வருடம் மாற்றாமல் கிடந்த எண்ணெயின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1,300 கிலோவுக்கு மேல் கனமுள்ள காடியைச் சுற்றுக்குச் சுற்று அந்த வேகத்திலிருந்து இழுத்து நிறுத்தினால், சக்கரத்து டிஸ்கைக் கவ்வும் காலிப்பருக்குள் எண்ணெய் கொதித்து ஆவியாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் உள்ளே போனது அதனால்தான். எக்சாஸ்டுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகாது.

அதோடு விட்டாரா? காடியைத் தூக்கி, முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். டக், டக். சக்கரத்தைச் சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் கீழ் பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்டிருந்தது. இருபது வருடக் காடியில் அது தேயும், தேயத்தான் செய்யும், நான் பார்க்காமல் விட்டது என் தப்பு. முன்னாலும் பின்னாலும் டபுள் விஷ்போன் (மேலொன்று கீழொன்றாக இரண்டு கை வைத்த சஸ்பென்ஷன்) உள்ள காடி இது, அதுதான் இதன் பெருமையே. ஆனால் அத்தனை கைக்கும் அத்தனை ரப்பர் புஷ், என்னுடையதில் பாதி வெடித்திருந்தது. அப்படிப்பட்ட காடியில்தான் நான் 18 அங்குல ரிம் போட்டு அழகு பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் ஒழுங்காக வேலை ஆரம்பித்தது. பால் ஜாயிண்ட், புஷ் எல்லாம் புதுசு. பழைய 17 அங்குல ரிம்மைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போட்டேன், அதற்கு நல்ல பிடிப்புள்ள தெரு டயர். முன் கேம்பர் (சக்கரம் உள்பக்கம் சாய்கிற கோணம்) மைனஸ் இரண்டு டிகிரி வரை, டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். டயரின் உள்விளிம்பை உண்மையில் தின்பது டோதான், கேம்பரைத் திட்டுகிறோம். முன்னால் சூப்ரா ட்வின் டர்போவின் நாலு பிஸ்டன் காலிப்பர், 323 மில்லிமீட்டர் டிஸ்க். அப்புறம் ஆயில் கூலர். நம் வெயிலில் இது இல்லாமல் ஐந்து சுற்றுக்கு மேல் ஓட்டுவது எஞ்சினுக்குச் செய்கிற துரோகம் என்பது என் கட்சி. எஞ்சினுக்குள் கை வைக்கவேயில்லை. முதல் நாள் 2 நிமிடம் 58 விநாடி, இப்போது 2:49. அதே 210 குதிரைதான். குறைந்த விநாடிகளில் பாதி, நான் பிரேக்கை நம்ப ஆரம்பித்ததால் வந்தது என்று நினைக்கிறேன்.

2ஜேஇசட் (சூப்ராவின் 3 லிட்டர் எஞ்சின்) ஏற்றச் சொல்லி ஒரு சீஃபு (கைதேர்ந்த மெக்கானிக்) இன்னும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஹாஃப்கட் (எஞ்சினோடு வெட்டி எடுத்த பழைய காடியின் முன்பாதி) கூடப் பார்த்து வைத்திருக்கிறாராம். நான் கணக்குப் போட்டேன். 1,998 சிசிக்குத் தீபகற்பத்தில் சாலை வரி 379 வெள்ளி (ரிங்கிட்). 2,997 சிசி என்றால் 2,100 வெள்ளியைத் தாண்டும். அதற்கு மேல் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை, பதிவுக் கார்டில் எஞ்சின் எண் மாற்றம். இதையெல்லாம் முறைப்படி செய்கிறவர்களைக் கும்பிடுகிறேன். செய்யாமல் ஓட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை, விபத்தென்று ஒன்று வந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும்.

— கிள்ளான்

*

அண்ணே, என்னிடம் இருப்பது ஏஎஸ்200. ஆறு சிலிண்டர் 1ஜி, 160 குதிரை. "அக்கா, இது ஸ்லோ காடியாச்சே" என்று எல்லாரும் சொல்லியாகிவிட்டது, நீங்களும் சொல்லாதீர்கள். அந்த எஞ்சின் சுற்றுகிற மென்மைக்கு நான் அடிமை.

பிரேக் பேட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிராக் பேட் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை அப்படியே வேலைக்குப் போனேன். சூடேறினால் பேய் மாதிரி பிடிக்கும், சூடேறாவிட்டால் கட்டை. தாமான் முனையில் முதல் சமிக்ஞை விளக்கு, காலை ஏழு மணி, பெய்த மழை விட்டிருக்கிறது. மிதிக்கிறேன், காடி யோசித்து யோசித்து நிற்கிறது. முன்னாலிருந்த பள்ளி வேனுக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் கையாட்டினார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இப்போது இரண்டு செட், செப்பாங்குக்கு முதல் நாள் மாற்றி, வந்த அன்றே கழற்றிவிடுவேன். அரை மணி வேலை, நானே செய்துகொள்கிறேன்.

இன்னொன்று, பக்கெட் சீட். போட்ட மறு வாரம் தைப்பூசம். மாமனாரை முன்னால் உட்காரவைத்துப் பத்துமலைக்குக் கூட்டிப்போனேன். இறங்க முடியவில்லை அவருக்கு. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம், பின்னால் காடிகள் வரிசையாக ஹாரன். மலையின் 272 படியையும் அவர் மூச்சு வாங்காமல் ஏறினார், அது வேறு கதை. பயணி பக்கம் பழைய சீட்டையே திரும்பப் போட்டுவிட்டேன்.

— ஜொகூர் பாரு

*

சிங்கப்பூரிலிருந்து வருகிறவனின் பார்வை கொஞ்சம் வேறு. எங்களுக்கு இங்கே காடியே பத்து வருடத்துக்கு எடுத்த உரிமைதான், அதில் எதை மாற்றினாலும் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான். அதனால் என் ஐஎஸ்250-இல் வெளியே தெரிகிற மாதிரி எதுவும் இல்லை: எண்ணெய், பேட், அலைன்மெண்ட், டயர், அவ்வளவுதான். எல்லை தாண்டும்போது டேங்கில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே உட்லண்ட்ஸில் நிரப்பிக்கொண்டு கிளம்பி, செப்பாங் போய்ச் சேரும்போது பாதிக்கும் கீழே. டிராக்கில் அது குடிக்கிற குடிக்கு மதியமே காலி. 97 ரகப் பெட்ரோல் போட வெளியே போய்வர வேண்டும், 95 ரகம் எங்கள் எண் பலகைக்குக் கிடையாது. இதை முதல் தடவை கணக்கில் எடுக்காமல் மதிய அமர்வு ஒன்றைக் கோட்டைவிட்டேன்.

ஆனால் எனக்குப் பயம் வந்தது டிராக்கில் இல்லை, திரும்பி வரும் வழியில். பாதி தேய்ந்த செமி ஸ்லிக் டயரோடு (பள்ளம் குறைவான டிராக் டயர்) இரவு பிளஸ் நெடுஞ்சாலையில், ஆயர் கெரோ தாண்டி மழை கொட்டத் தொடங்கியது. 90-இல்தான் போனேன். திடீரென்று ஸ்டீரிங் லேசாகிவிட்டது, பட்டம் நூல் அறுந்தால் கையில் தெரியுமே, அந்த மாதிரி. டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது. பிரேக் தொடவில்லை, ஸ்டீரிங்கைத் திருப்பவில்லை, எண்ணெய் மிதியை (ஆக்சிலரேட்டரை) மட்டும் மெதுவாக விட்டேன், பின்பக்கம் ஒரு தரம் நழுவி நேரானது. அடுத்த ஓய்விடத்தில் ஒதுங்கி மழை விடும்வரை மைலோ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் சாதாரண டயரில்தான் ஓட்டுகிறேன். இரண்டு மூன்று விநாடி போனால் போகட்டும்.

— உட்லண்ட்ஸ்

*

நான் மதுரைக்காரன், வேலை ஜப்பானில், கனகாவா மாநிலத்தில். என்னுடையது சேசர் டூரர் வி, ஜேஇசட்எக்ஸ்100. 1ஜேஇசட் டர்போ, 280 குதிரை. அந்தக் காலத்தில் இங்கே கம்பெனிகள் எல்லாம் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட உச்சவரம்பு அது. உள்ளே உட்கார்ந்தால் தாத்தா காலத்து சோபா, மிதித்தால் வேறு ஆள். 25 வருடம் ஆன காடிகளை அமெரிக்காக்காரர்கள் இறக்குமதி செய்யலாம் என்பதால் விலை எங்கேயோ போய்விட்டது. நல்ல வேளை, அதற்கு முன்பே வாங்கிவிட்டேன்.

இங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஷாகென் என்ற கட்டாய வாகனச் சோதனை. தரையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், எக்சாஸ்ட் சத்தத்துக்கு அளவு உண்டு. என் முதல் ஷாகெனில் காடி எட்டரையில் நின்றது. சோதனை செய்தவர் மண்டியிட்டு இரண்டு தடவை அளந்துவிட்டு, அவர்தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உயரத்தை ஏற்றிவிட்டு மறுபடி போனேன். இறக்கியபோது கெட்டுப்போயிருந்த சஸ்பென்ஷன் கோணம் இப்போது சரியாகி, காடி முன்னைவிட நன்றாகத் திரும்புகிறது. இதற்காகவா ஒரு வருடம் முதுகு வலியோடு ஓட்டினேன்!

பூஜி ஸ்பீட்வேயின் நேர்சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அதன் முடிவில் முதல் வளைவில் பிரேக் பிடிக்கிறவனுக்குக் கிள்ளான் அண்ணன் சொன்ன ஈரத் துணி நன்றாகப் புரியும். அண்ணே, ஒரு கேள்வி: அந்த நாலு பிஸ்டன் காலிப்பர் போட்ட பிறகு பின்பக்கம் பிரேக் குறைவாகத் தெரிகிறதா? நானும் அதே காலிப்பரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

— கனகாவா

*

கனகாவா தம்பி, ஆமாம், தெரிந்தது. முன்னால் மட்டும் பெரிதாகப் போட்டால் மூக்கு கவிழும், பின்பக்கம் சும்மா கூட வரும். நான் பின்னால் கொஞ்சம் கடிக்கிற ரகப் பேடாகப் போட்டுச் சரிக்கட்டினேன். ஒரே நாளில் அமையவில்லை, மூன்று ரகம் மாற்றிப் பார்த்தேன். காலி கார்ப்பார்க்கில் மழை நாளில் மெதுவாகப் பழகிப் பார்த்துவிட்டு அப்புறம் டிராக்குக்குப் போங்கள்.

ஜொகூர் தங்கச்சி சொன்ன பேட் விஷயத்தை நான் எழுத மறந்துவிட்டேன், அது ரொம்ப முக்கியம். உட்லண்ட்ஸ்காரர் அடுத்த தடவை வரும்போது சொல்லுங்கள், என்னிடம் ஜெரிகேன் இருக்கிறது, காலையிலேயே 97 நிரப்பி வைத்துவிடுகிறேன்.

ஸ்பிரிங் கதையைச் சொல்லாமல் விட்டேனே. ஸ்பிரிங் விறைப்பு (ஒரு மில்லிமீட்டர் அமுக்க வேண்டிய கனம்) 12 கிலோ இருந்ததை முன்னால் 8, பின்னால் 6 என்று இறக்கி, காடியைக் கொஞ்சம் உயர்த்தினேன். டிராக்கில் நேரம் குறையும் என்று பயந்தேன், குறையவில்லை, வளைவின் ஓரக் கட்டையில் ஏறினாலும் சக்கரம் தரையை விடுவதில்லை. போன வெள்ளிக்கிழமை அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடிப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். முதல் மேடு, சத்தம் இல்லை. இரண்டாவது மேடு, "முருகா" வரவில்லை. மூன்றாவதில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பூக்கூடையை மடியில் பிடித்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல. இப்ப லோரி மாதிரி இல்ல, வேன் மாதிரி இருக்கு."

— கிள்ளான்