பயிற்சிக் காலத்தில் நடந்த, இன்னும் மனதை அரிக்கும் ஒரு சம்பவம்

வரவேற்புமேசை:

ஓட்டல் மேலாண்மைப் பட்டம் முடித்து வேலையில் சேர்ந்த பதினொன்றாம் நாள். மதிய செக்-இன் நேரம் எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். வரிசையில் ஒன்பது, பத்துப் பேர். தனியாக வந்திருந்த ஒரு பெண்மணியின் முறை. புன்னகை, கண்ணைப் பார்த்துப் பேசுவது, பெயர் சொல்லி அழைப்பது என்று கல்லூரியில் படித்த எல்லாவற்றையும் பிசகாமல் செய்தேன். சாவி அட்டையை நீட்டித் தெளிவாக, நல்ல சத்தமாகச் சொன்னேன்: "உங்கள் அறை 614. லிப்டிலிருந்து இறங்கியதும் இடப்பக்கம் கடைசி."

அவர் அட்டையை எடுக்கவில்லை. மெல்லத் திரும்பித் தமக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். அந்த ஆள் கைபேசியில் இருந்தார். காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது. அந்தப் பெண்மணி இரண்டு விரலால் அட்டையை என் பக்கமே நகர்த்தினார். "வேறு அறை கொடுங்கள். எண்ணைச் சொல்லாதீர்கள், எழுதிக் காட்டுங்கள்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

கோபப்படவில்லை, புகாரும் எழுதவில்லை. எத்தனை மேசைகளில் இதைச் சொல்லிப் பழகியிருந்தால் அவ்வளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது பாடப் புத்தகத்தில் எங்கோ ஒரு வரியாக இருந்திருக்கும். ஏன் என்று யாரும் சொல்லித்தரவில்லை. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மூன்றாம்மாடி:

எனக்கு ஹவுஸ்கீப்பிங். மேலாளர் பயிற்சிக்கு என்று எடுத்தாலும் முதல் எட்டு வாரம் அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காவோடு வண்டி தள்ள வேண்டும். ஒரு ஷிப்டுக்குப் பதினான்கு அறை. நான்காவது அறையிலேயே எனக்கு இடுப்பு விட்டுப்போகும். அந்த அக்கா அதிகம் பேச மாட்டார். படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கும்போது நான் தவறினால், பிரித்துவிட்டு மறுபடி மடிப்பார். அதுதான் பாடம்.

ஒருநாள், குளியலறையை நான் செய்கிறேன் என்றேன். கழிவறைக் கோப்பையில் அவர் ஏற்கெனவே பிளீச் ஊற்றி ஊறவிட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. கறை போகட்டும் என்று அமிலக் கிளீனரை அதன்மேல் ஊற்றினேன். ஒரே ஒரு மூச்சு. தொண்டைக்குள் கம்பியால் இழுத்ததுபோல் எரிந்தது. அதற்குள் என் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தது ஒரு கை. அக்கா என்னை வெளியே தள்ளிக் குளியலறைக் கதவைச் சாத்தினார், அறை ஜன்னலைத் திறந்தார், தாழ்வாரத்தில் உட்காரவைத்தார். அன்றுதான் என்னிடம் முழுதாகப் பேசினார். "பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் தம்பி. அடைத்த அறையில் ஆளையே சாய்த்துவிடும்."

ரசாயனப் பாதுகாப்பு பற்றி எங்களுக்கு அரை நாள் வகுப்பு நடந்தது. "கவனமாகக் கையாளவும்" என்று திரையில் பெரிய எழுத்தில் காட்டினார்கள். எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று சொன்னவர் அந்த அக்காதான். அதற்காக அவருக்குச் சம்பளத்தில் ஒரு காசு கூடவில்லை. என் மதிப்பீட்டுத் தாளில் 'பயிற்சி அளித்தவர்' என்ற இடத்தில் சூப்பர்வைசர் பெயர் இருந்தது. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆறாம்செமஸ்டர்:

மூன்றாம்மாடி சொல்வதில் பாதியை நான் ஏற்கவில்லை. எட்டு வாரம் வண்டி தள்ளியதைப் பெருமையாக எழுதுகிறீர்கள். ஆள் பற்றாக்குறைக்குப் பட்டதாரியை வைத்துச் சமாளித்துவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் சூட்டுகிறார்கள். நான் ஆறு மாதத்தில் நான்கு மாதம் விருந்துக்கூடத்தில் ஸ்பூனும் கிளாசும் துடைத்தேன். துடைக்கக் கற்றுக்கொள்ள நான்கு நாள் போதும்.

என்னை அரிப்பது வேறு. ஐந்தாம் மாதம் மனிதவளத் துறையிலிருந்து ஒரு தாள் வந்தது. மறுநாள் தணிக்கை. தீ விபத்தில் விருந்தினரை வெளியேற்றுதல், ஒவ்வாமைப் பொருட்கள், முதலுதவி என்று வரிசையாகத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் நேராகத் தேதியும் கையெழுத்தும். தேதிகளை அவர்களே நிரப்பியிருந்தார்கள். அதில் ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு அந்த அதிகாரி பக்கத்திலேயே நின்றார். பத்துக் கையெழுத்துக்கு மேல் போட்டேன். கடைசியில் பேனா எழுதவில்லை. தம் சட்டைப் பையிலிருந்து வேறு பேனா எடுத்துக் கொடுத்தார். அதையும் வாங்கிப் போட்டேன்.

மூன்றாம்மாடி:

பெருமைக்காக எழுதவில்லை நண்பரே. நான் எழுதியது அந்த அக்காவைப் பற்றி. எட்டு வாரம் அதிகம் என்பது எனக்கும் தெரியும்.

உணவுக்கூடம்:

ஆறாம்செமஸ்டர் சொல்லும் தாளில் நானும் கையெழுத்துப் போட்டவன். வேறு ஊர், வேறு நிறுவனம், அதே தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு தாய் தம் மகனுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, "இதில் பாதாம், முந்திரி ஏதாவது இருக்கிறதா? இவனுக்கு ஆகாது" என்று கேட்டார். எண்ணெயில் பொரித்த அந்தப் பதார்த்தத்தில் என்னென்ன சேர்கிறது என்று எனக்கு மனப்பாடம். "கட்டாயம் இல்லை, கவலைப்படாதீர்கள்" என்றேன். தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினால், பாதாம் தூள் பூசிய வேறொரு பதார்த்தத்தை அதே எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெயில் பாதாம் துகள் மிதந்தது.

ஓடினேன். பையன் முள்கரண்டியை வாயருகே கொண்டுபோயிருந்தான். நான் பேசவே இல்லை. அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மகனின் கையைத் தட்டிவிட்டார். முள்கரண்டி தரையில் விழுந்த சத்தத்துக்கு எல்லா மேசையும் திரும்பியது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பையனின் உதட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் அந்த ஒவ்வாமைப் பொருள் அழிந்துவிடாது. இது எனக்கு அன்று தெரியாது. தெரியும் என்று கையெழுத்து மட்டும் இருந்தது. "சமையலறையில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இருபத்திரண்டுவருடம்:

எல்லாவற்றையும் படித்தேன். என் சம்பவம் சிறியது. இரவு இரண்டு மணிக்கு, முன்பதிவு செய்திருந்த ஒருவர் தோளில் தூங்கும் குழந்தையோடு வந்தார். அறைகளை அளவுக்கு மேல் விற்றிருந்தோம். என்ன சொல்வதென்று தெரியாமல், "உங்கள் பதிவே எங்களிடம் இல்லை" என்று பொய் சொன்னேன். அவர் உறுதிச் சீட்டைக் காட்டினார். குழந்தை விழித்துக்கொண்டு என்னையே பார்த்தது.

இளையவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். அறை இல்லையென்றால் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் வாய் திறப்பதற்கு முன்பே பக்கத்து ஓட்டலில் அறையை உறுதிசெய்து, வண்டியை வாசலில் நிறுத்திவிடுங்கள். செலவு நம்முடையது. இதற்குரிய நடைமுறையை வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேட்டு வாங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்க ஆள் கிடைக்காது.

எந்தத் துறைக்குப் போனாலும் அங்கே மிக நீண்ட காலம் இருப்பவர் யார் என்று பாருங்கள். பதவியைப் பார்க்காதீர்கள். சமையலறையில் வைத்தால் வெப்பமானி எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பெரிய பாத்திரம் நிறைய சூடான சூப்பை அப்படியே குளிர்பெட்டியில் தள்ளுவதை நீங்கள் பார்ப்பீர்கள். வெளிப்பக்கம் குளிர்ந்திருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடக்கும், கிருமிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அமெரிக்க உணவு விதித்தொகுப்பின் கணக்கு இது: 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், 5க்கு மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றினால் இறங்கும். உணவுக்கூடம் தம்பிக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. அமெரிக்காவில் ஒன்பது, ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023இல்தான். நீங்கள் வேலை செய்யும் நாட்டின் பட்டியலைக் கையால் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

ஆறாம்செமஸ்டருக்கும் ஒரு வார்த்தை. கைவேலையை இழிவாக நினைக்காதீர்கள். 1893இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓட்டல் பள்ளி தொடங்கியபோது அது நடந்ததே ஓர் ஓட்டலுக்குள்தான். அறையைச் சுத்தம் செய்யத் தெரியாதவர் ஒரு பணியாளருக்கு எத்தனை அறை ஒதுக்கலாம் என்று எப்படிக் கணக்கிடுவார்?

வரவேற்புமேசை:

ஐயா, அறிவுரைக்கு நன்றி. ஆனால் அந்தக் குழந்தை உங்களைப் பார்த்ததற்குப் பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும். என் சங்கதி இதுதான்: இப்போது எண்ணை உறையில் எழுதி, விருந்தினர் பக்கம் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டுகிறேன். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அப்படித்தான்.

இருபத்திரண்டுவருடம்:

அவர் குழந்தையோடு முகப்புக்கூட சோபாவில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். நான் மேசையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆறாம்செமஸ்டர்:

ஐயா, கைவேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. கற்றுத்தராமல் கற்றுத்தந்ததாக எழுதி வாங்குவதைச் சொன்னேன். அது வேறு, இது வேறு.

இதை எழுதக் காரணம் உண்டு. நேற்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அதே தாள் வந்தது. என்னிடம்தான் கொடுத்து வாங்கச் சொன்னார்கள். பேனாவைக் கொடுக்கவில்லை. "முதலில் அவசர வழியில் நடந்து பார்க்கலாம், வா அம்மா" என்று அழைத்துப் போனேன். நான்காவது மாடியிலிருந்து பின்படிக்கட்டு வழியாக இறங்கினோம். நானும் அந்த வழியில் இறங்கியது அதுவே முதல் தடவை. ஒவ்வொரு தளத்திலும் அவள் படிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். கீழே வந்து கதவைத் தள்ளினோம். திறக்கவில்லை. வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. சாவி யாரிடம் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.