லோட் ஏறினால் கவர்னர் ஊசலாடுகிறது, அக்சுவேட்டர் மாற்ற வேணுமா?

வாழைச்சேனை_ஐஸ்:
அண்ணன்மாருக்கு வணக்கம். இங்க ஐஸ் தொழிற்சாலையில 100 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், 4 போல், 1500 ஆர்பிஎம். வேகத்தைப் பிடிச்சு வைக்கிற கவர்னர் ஜிஏசி 5500 கொன்ட்ரோலர், அது சொல்றபடி டீசல் பம்பின் லீவரை அசைக்கத் தனி அக்சுவேட்டர். வெறும் ஓட்டத்தில 50 ஹேர்ட்ஸ் அசையாம நிக்குது. கொம்பிரசர் ஏறினதும் 48.5க்கும் 51க்கும் இடையில ஆடுது, இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை மாதிரி. கெயினை (வேகம் மாறினா கவர்னர் எவ்வளவு பலமாப் பதில் தரணும் என்ற செற்றிங்) குறைச்சா ஆட்டம் அடங்குது, ஆனா மோட்டர் ஸ்டார்ட்டில 45க்கு விழுது. அக்சுவேட்டரை மாத்தச் சொல்றாங்க. பிறகு இதே அளவு இன்னொரு ஜெனரேட்டர் செட்டையும் லோட்டைப் பங்கிட இதோட பரலல் போடணும்.

கல்லடி_மின்வேலை:
தம்பி, காசைக் கொட்ட முதல் ஆடுறது கவர்னரா, டீசல் எண்ணெய் வரத்தா என்று பிரிச்சுப் பாருங்க. கொம்பிரசர் ஒரே லோட்டில ஓடும்போது அக்சுவேட்டர் லீவரை அந்த இடத்திலேயே கையால அசையாமப் பிடிங்க. இன்னொருவர் ஸ்டொப் லீவரில கை வைச்சபடி நிக்கணும், இதை விட்டுடாதீங்க: அந்த நேரம் பிறேக்கர் விழுந்தா எஞ்சின் ஓவர் ஸ்பீட் போகும். பிடிச்ச நிலையில வேகம் ஒரு பக்கமா மெல்ல நகரலாம், அது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினா கவர்னரில குற்றமில்லை. பில்ற்றர் அடைப்பு, பீட் பம்ப், லைனில காற்று, இவற்றைப் பாருங்க.

ஆட்டம் நின்றா லிங்கேஜுக்கு, அதாவது அக்சுவேட்டரையும் பம்பையும் இணைக்கிற றொட், லீவர்களுக்கு வாங்க. நம்ம கரையோர உப்புக் காற்றுக்கு றொட் முனையில இருக்கிற குண்டு மூட்டு முதல்ல இறுகும், இல்லாட்டித் தேஞ்சு ஆடும். எஞ்சினை நிப்பாட்டி, றொட்டைக் கழற்றி, லீவர் இரண்டையும் தனித்தனியா அசைச்சுப் பாருங்க. எங்கயும் பிடிக்கக் கூடாது, விரலுக்கு ஆட்டமும் தெரியக் கூடாது. டீசல் பம்புக்கு, பாதி எண்ணெய் நிலையில லீவர் றொட்டுக்கு 90 பாகையில நிக்கணும். முழு லோட்டுக்கும் லீவர் கொஞ்சம்தான் நகருது என்றா, கெயினை எவ்வளவு திருப்பினாலும் அது அடங்காது.

சம்மாந்துறை_டீசல்:
மேல சொன்ன வரிசைதான் சரி. லிங்கேஜ் சரியான பிறகு பிக்கப்பையும் (பிளைவீல் பற்களை வைச்சு வேகத்தை உணர்ற சென்சர்) பாத்துக் கொள்ளுங்க. எஞ்சின் நின்ற நிலையில ஒரு பல் நேர் எதிரே வரச் செய்து, முட்டும்வரை முறுக்கி, முக்கால் சுற்று பின்னால எடுத்தா ஏறக்குறைய 1 மிமீ இடைவெளி. நுனியில ஒட்டின இரும்புத் தூளைத் துடைச்சிருங்க. கிராங் பண்ணும்போது குறைஞ்சது 1 வோல்ற் ஏசி வரணும். ஷீல்ட் வயரை கொன்ட்ரோலர் பக்கம் மட்டும் ஏர்த் பண்ணணும்.

பிறகு கெயினை வலப்பக்கம் ஆட்டம் தொடங்கும்வரை திருப்பி, அடங்கும்வரை பின்வாங்கி, அதற்கு மேல ஒரு கோடு குறைங்க. ஸ்டெபிலிட்டி என்ற அடுத்த செற்றிங்கும் அதேபோல. இதை லோட்டோடயும் செய்து பார்க்கணும், வெறும் ஓட்டத்தில அமைதியா இருக்கிறது போதாது. அதற்குப் பிறகும் மெதுவா ஆடினா, போர்டில ஈ2, ஈ3 கால்களுக்கிடையில கப்பாசிட்டர் போட இடமிருக்கு, மைனஸ் ஈ2 பக்கம். 10 மைக்ரோஃபரட்டில தொடங்கி ஆட்டம் நிக்கும்வரை கூட்டுங்க. எஞ்சின் எண்ணெய்க்குப் பிந்திப் பதில் தர்றதை இது ஈடு செய்யும்.

வாழைச்சேனை_ஐஸ்:
நன்றி அண்ணன். அப்ப 45க்கு விழுறது?

கல்லடி_மின்வேலை:
விழும் கணத்தில லீவரைப் பாருங்க. முழுசாத் திறந்து ஸ்டொப்பரில முட்டுது என்றா எஞ்சினால அவ்வளவுதான் ஏலும், செற்றிங்கால ஒன்றும் நடக்காது. கொம்பிரசரின் சுமையை எடுக்கிற அன்லோடர் திறந்த நிலையில, ஸ்டார்ட் கரண்டைக் குறைக்கிற ஸ்டார் டெல்டாவில மோட்டரை எடுங்க. லீவர் சோம்பலாத் திறந்தா அது கெயின். 50 ஹேர்ட்ஸ் செட்டில நிறைய ஏவிஆர் (வோல்ற்றேஜைச் சீரா வைக்கிற கருவி) 47க்குக் கீழ தானாவே வோல்ற்றேஜைக் குறைக்கும், அது எஞ்சினைக் காப்பாத்தத்தான். அந்த செற்றிங்கைக் கீழே இறக்கி மறைக்காதீங்க.

அக்கரைப்பற்று_பனல்:
பரலல் விசயம். இரண்டு செட்டும் டிரூப் (லோட் ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்கிற அமைப்பு) இல்லாம, லோட் ஷெயரிங் மொட்யூலும் இல்லாம பிணைச்சா ஒன்று எல்லா லோட்டையும் இழுக்கும், மற்றது மோட்டரா சுத்தும். மொட்யூல் வாங்க வழியில்லாட்டி இரண்டிலயும் டிரூப் 4 வீதம் வைங்க: லோட் இல்லாம 52, பாதியில 51, முழு லோட்டில 50. வீதம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கணும். கிலோவாட்டைப் பங்கிடுறது ஸ்பீட் ட்ரிம், கேவார் (ரியாக்டிவ் பவர்) பங்கிடுறது ஏவிஆரின் டிரூப் சிடி, அதாவது கரண்டை அளக்கிற ட்ரான்ஸ்போமர். லோட் பிரியலை என்று வோல்ற்றேஜைத் திருப்பினா சுழல் கரண்ட்தான் கூடும். சிடி தலைகீழா இருந்தாலும் அதே கதி. மோட்டரா சுத்தினா பிறேக்கரை விழுத்துற ரிவர்ஸ் பவர் ரிலே இல்லாம இரண்டாவது பிறேக்கரை மூடவே வேணாம். டீசலுக்கு 10 வீதம், 5 செக்கன் தாமதத்தில தொடங்குங்க. ஆனா முதல் செட்டின் ஆட்டம் தீராம இரண்டாவதைத் தொடாதீங்க, ஆடுற செட் மற்றதையும் சேர்த்து ஆட்டும்.