நியூரோஇன்ஃப்ளமேஷனுக்கு மூளையழற்சின்னு போட வேண்டாமே

அக்கா வணக்கம். அந்த நியூரோஇன்ஃப்ளமேஷன் ஆய்வுக்கு நீங்க தமிழ்ல வெச்ச தலைப்பு பாத்தேன், "எலிகளில் மூளையழற்சி அளவின் பாலின வேறுபாடு". எனக்கு எல்லா சொல்லுமே இடிக்குது. எலிய முதல்ல சுண்டெலின்னு மாத்திடுங்க, இது மவுஸ், ரேட்டுங்கற பெரிய எலி இல்ல.

மூளையழற்சிங்கற சொல்லு ஏற்கெனவே என்செஃபலைட்டிஸுக்குப் போயாச்சு. நம்ம தண்டையார்பேட்டைல யார்கிட்ட சொன்னாலும் மூளைக்காய்ச்சல்னு நெனச்சு தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகணுமான்னு கேப்பாங்க. சரி, நரம்பழற்சின்னு வெக்கலாம்னா அது நியூரைட்டிஸ். இங்க பேசறது வேற, அல்சைமர் மாதிரி நோயில வெளிக்கிருமி எதுவும் இல்லாமலே மூளைல இருக்கற மைக்ரோகிளியாங்கற காவல் செல்லுங்க நாள்பட உசுப்பிவிட்ட நிலையிலயே கெடக்கறது. அதனால "நரம்புமண்டல அழற்சி". நீளம்தான், ஆனா பத்தாவது படிச்ச யாருக்கும் புரியும்.

"அளவு"தான் எனக்கு ரொம்ப உறுத்துது. கதிரியக்க மருந்து ஏத்தி எடுக்கற பெட் ஸ்கேன்ல தெரியறது அழற்சியே இல்ல, டிஎஸ்பிஓங்கற புரதத்துல போய் ஒட்டிக்கிட்ட அந்த மருந்துதான். அந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவோட வெளிச்சவ்வுல இருக்கு, சுண்டெலில மைக்ரோகிளியாவ உசுப்பினா ஏறும், ஆனா ஆஸ்ட்ரோசைட்டுங்கற வேற மூளைச் செல்லுலயும் ரத்தக்குழாய் சுவர்லயும் கூட இருக்கு, மனுஷங்க மூளைலயோ அது உசுப்பின நிலைய இல்ல, செல் எண்ணிக்கையத்தான் காட்டுதுன்னு இப்ப ஆய்வாளர்களே சொல்றாங்க. சில அல்சைமர் சுண்டெலி வகைகள்ல பெண்ணுக்கு இந்த சிக்னல் ஆண விட கூடுதலா வந்திருக்கு. அத "அழற்சி அளவு"ன்னு நாம எழுதினா பொம்பளைங்க மூளைல அழற்சி அதிகம்னு வாட்சப்ல சுத்தும், அதுக்கு நம்ம சொல்லு காரணமா இருக்கக்கூடாது. "குறிப்பான்" (மார்க்கர்) போதும். டிஎஸ்பிஓவுக்கே முன்னாடி "புற பென்சோடயசெபைன் ஏற்பி"ன்னுதான் பேரு, அந்தப் பேருக்குள்ள அதோட வேலை அடங்கலன்னு 2006ல மாத்தினாங்க.

பாலினம் ஜெண்டருக்கு இருக்கட்டும், இங்க சொல்றது செக்ஸ், உடம்பு வேறுபாடு. பால்னு மட்டும் போட்டா குடிக்கற பாலாயிடும், அதனால "ஆண்-பெண் வேறுபாடு".

ஆக என் தலைப்பு: சுண்டெலி மூளையில் நரம்புமண்டல அழற்சிக் குறிப்பான்கள், ஆண்-பெண் வேறுபாடு.

மைக்ரோகிளியாவுக்கு "நுண்பசைச்செல்"னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. கிளியான்னா கிரேக்கத்துல பசைதான், ஆனா இந்த செல் எதையும் ஒட்டறதில்ல, கழிவையும் கிருமியையும் முழுங்கற காவல் செல். நான் அப்படியே மைக்ரோகிளியான்னு விட்டுடலாம்ங்கறேன். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரில படிக்கற பசங்க யாராவது உங்களுக்குப் பழக்கம்னா அவங்க பேச்சுல என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதுங்கக்கா.