டிபக்_இன்போ=ஒய் என்று போட்டும் லினக்ஸ் கேர்னலில் டிபக் சிம்பல் இல்லை (6.12, டெபியன் 12)

வெள்ளவத்தையான்

வணக்கம். பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றுக்கு நாங்களே எழுதின டிரைவர், கேர்னல் சோர்ஸுக்கு வெளியே தனி மொடியூலாகக் கட்டுறது. கார்டிலிருந்து இன்டரப்ட் (சிபியூவின் கவனத்தைக் கேட்கிற சிக்னல்) அடிக்கடி வரத் தொடங்கினால் சில நேரம் மெஷின் அப்படியே உறைஞ்சு போகுது. பிங் இல்லை, கப்ஸ் லொக் லைட்டும் மாறாது. திரும்ப பூட் பண்ணி ஜேர்னலைப் பார்த்தால் உறைஞ்ச நேரத்தில் ஒரு வரிகூட இல்லை.

டிபக் கேர்னல் ஒன்று கட்டிப் பார்ப்பம் என்று 6.12 சோர்ஸை எடுத்து, 5.10 காலத்து டொட் கொன்பிக் பைலை (கேர்னல் கட்டுற ஒப்ஷன்கள் உள்ள பைல்) அதற்குள் போட்டு, புது ஒப்ஷன்களுக்கு இயல்பான மதிப்பைப் போடுற மேக் ஓல்ட்டெப்கொன்பிக் ஓட்டினேன். பழைய பைலிலேயே கொன்பிக்_டிபக்_இன்போ=ஒய் என்றுதான் இருந்தது. கட்டி முடிந்த பிறகு விஎம்லினக்ஸை (கட்டின கேர்னல் பைல்) ஜிடிபி டிபக்கரில் திறந்தால் டிபக் சிம்பல் (பங்ஷன், வரி இலக்கத் தகவல்) இல்லை என்கிறது. கையாலும் எழுதிப் பார்த்தேன், ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள கொன்பிக் ஸ்கிரிப்டாலும் போட்டேன். அடுத்த ஓல்ட்டெப்கொன்பிக்கோடு அந்த வரி காணாமல் போகுது. எச்சரிக்கை ஒன்றும் வாறதில்லை. 16 ஜிபி ராம், /பூட் தனிப் பார்ட்டிஷன் 512 எம்பி.

கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி, 5.18இல் அந்த ஒப்ஷனின் அமைப்பையே மாத்திட்டாங்க. அதுக்கு முதல் டிபக்_இன்போ நேரே ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய ஒன்று. இப்ப அதுக்கு மெனுவில் இடமே இல்லை, வேற ஒப்ஷன் ஒன்று இழுத்தால்தான் வரும். மெனுவில் இடமில்லாத ஒப்ஷனுக்கு டொட் கொன்பிக்கில் நீங்க என்ன எழுதினாலும் கேகொன்பிக் (கேர்னல் ஒப்ஷன்களைக் கையாளுற சிஸ்டம்) அதைத் தூக்கிப் போட்டுட்டு, தானே கணக்குப் போட்ட மதிப்பைத்தான் எழுதும். அதனாலதான் சத்தமில்லாமல் போகுது.

இப்ப நாலு தேர்வில் ஒன்றை எடுக்கணும் (டுவார்ப் என்றது டிபக் தகவலின் வடிவம்): டிபக்_இன்போ_நன், டிபக்_இன்போ_டுவார்ப்_டூல்செய்ன்_டிபோல்ட், டிபக்_இன்போ_டுவார்ப்4, டிபக்_இன்போ_டுவார்ப்5. பழைய பைலில் இந்தத் தேர்வு இல்லாததால் இயல்பாக உள்ள நன் வந்து உட்காருது.

ஸ்கிரிப்டில் -டி போட்டு நன்னை அணைச்சு, -ஈ போட்டு டூல்செய்ன்_டிபோல்ட்டை ஏத்துங்க. டிபக்_கேர்னலும் ஒய்யாக இருக்கணும், அது இல்லாமல் இந்தத் தேர்வே திறக்காது. பிறகு ஓல்ட்டெப்கொன்பிக். கட்ட முதல் டொட் கொன்பிக்கில் டிபக்_இன்போ என்று கிரெப் பண்ணிப் பாருங்க. கட்டி முடிஞ்ச பிறகு தெரிஞ்சால் முழு பில்டும் வீண். டிபக்_இன்போ_ரிடியூஸ்ட் ஒய்யாக இருந்தால் அதையும் அணைங்க. இடம் மிச்சம்தான், ஆனால் ஸ்ட்ரக்டுகளின் உள்விபரம் வராது, ஜிடிபியில் டெவ் பொயின்டருக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கவே முடியாது.

இன்னொன்று: இவ்வளவு வயசான கொன்பிக்கைப் புது வேர்ஷனுக்குக் கொண்டு போறப்ப நேரே ஓல்ட்டெப்கொன்பிக் போடாதீங்க. முதலில் மேக் லிஸ்ட்நியூகொன்பிக் ஓட்டினால் புதுசாக வந்த ஒப்ஷன்கள் எல்லாம் பட்டியலாக வரும். பழைய பைலுக்கும் புது பைலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள டிப்கொன்பிக் காட்டும்.

வெள்ளவத்தையான்

நன்றி அக்கா, சிம்பல் வந்துட்டுது. இடையில் சேர்ட்ஸ் அடைவில் டெபியனின் பெம் பைல் (சான்றிதழ்) இல்லை என்று பில்ட் நின்றது. சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ் என்ற ஒப்ஷனை வெறுமையாக்கினேன், தொடர்ந்தது.

இப்ப வேற பிரச்சினை. மொடியூல்களை இன்ஸ்டோல் பண்ணினதும் இனிட்ஆர்டி (பூட் நேரத்தில் ஏறுற தற்காலிகப் பைல் சிஸ்டம்) 480 எம்பியாக வீங்கி, /பூட்டில் இடமில்லை என்று பாதியில் நின்றுட்டுது. இத்தோடு கேசான், கேமெம்லீக், புரூவ்_லொக்கிங் என்ற பிழை தேடுற ஒப்ஷன்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றியிருக்கிறேன். அதில் ஏதும் காரணமா?

தெமட்டகொடை

வீக்கத்துக்கு அவை காரணமில்லை. ஒவ்வொரு மொடியூலுக்குள்ளும் டுவார்ப் தகவல் அப்படியே இருக்கு, இனிட்ஆர்டி அதைச் சுமந்துகொண்டு போகுது. மொடியூல் இன்ஸ்டோல் பண்ணுற கட்டளையில் இன்ஸ்டோல்_மொட்_ஸ்ட்ரிப்=1 என்று சேருங்கோ. சூடோவுக்கு முன்னால் எழுதினால் சூடோ அதைக் கழிச்சுப் போடும், மேக் என்ற சொல்லுக்குப் பிறகு எழுதோணும். ஸ்ட்ரிப் பண்ணுறது (டிபக் தகவலை நீக்குறது) இன்ஸ்டோல் ஆகிற பிரதியை மட்டும்தான். சோர்ஸ் அடைவில் கட்டின கேஓ மொடியூல் பைல்கள் முழுத் தகவலோடு அப்படியே கிடக்கும், ஜிடிபிக்கு அதைக் குடுங்கோ. அந்த அடைவை மேக் கிளீன் போட்டு அழிச்சுப் போடாதேங்கோ. திரும்பக் கட்டினால் முகவரிகள் ஒத்துவரும் என்று நம்பி இருக்க ஏலாது.

பாதியில் நின்ற இனிட்ஆர்டியை அழிச்சுப்போட்டு, அப்டேட்-இனிட்ராம்எப்எஸ்ஸை -சி, -கே போட்டு அந்த வேர்ஷனுக்கு மட்டும் ஓட்டுங்கோ.

டிஸ்ட்ரோ கொன்பிக்கில் உங்கட மெஷினுக்குத் தேவையில்லாத மொடியூல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். மேக் லோக்கல்மொட்கொன்பிக் ஓட்டினால் இப்ப ஏறியிருக்கிற மொடியூல்கள் மட்டும் மிஞ்சும், பில்ட் நேரமும் நல்லாக் குறையும். ஆனால் அதை ஓட்டுற நேரத்தில் பாவிக்கிற எல்லாச் சாமானும் மாட்டியிருக்கோணும். பென்டிரைவ் ஒன்று குத்தியிருக்காவிட்டால் அதன்ட டிரைவரும் போயிடும்.

இனி நீங்கள் ஏற்றின மூன்றையும் பற்றி. மெஷின் உறைவது லொக் பிரச்சினை மாதிரித் தெரியுது, அதற்கு வேண்டியது புரூவ்_லொக்கிங். கேசான் தேடுவது விடுவிச்ச மெமரியைத் தொடுறதையும் எல்லை தாண்டி எழுதுறதையும். ஜெனரிக் கேசான் பூட்டிலேயே மெமரியில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு 2 ஜிபி. வேகம் ஏறக்குறைய மூன்று மடங்கு குறையும். கேமெம்லீக் தேடுவது விடுவிக்க மறந்த மெமரியை, உறைவதோடு அதற்குச் சம்பந்தமில்லை. இரண்டையும் இப்ப அணையுங்கோ. அவை சும்மா கிடந்தால் இன்டரப்ட் வாற நேரமே மாறி, பிழை ஒளிஞ்சுகொள்ளும். கேசானுக்கு வேற லோக்கல்வேர்ஷன் பெயரோடு இன்னொரு கேர்னல் கட்டிக்கொள்ளலாம்.

ஏற்றவேண்டியவை: புரூவ்_லொக்கிங், டிபக்_அட்டொமிக்_ஸ்லீப், ஹார்ட்லொக்கப்_டிடெக்டர், மஜிக்_சிஸ்ஆர்க்யூ. புரூவ்_லொக்கிங் தன்னோடு டிபக்_ஸ்பின்லொக், டிபக்_மியூட்டெக்ஸஸ் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும், தனித்தனியாகத் தேடத் தேவையில்லை.

கட்டாயம் ஒன்று: உங்கட டிரைவரை இந்தக் கேர்னலுக்கு எதிராகத் திரும்பக் கட்டுங்கோ. லொக் டிபக் ஏறினதும் ஸ்பின்லொக்கின்ட (கிடைக்கும்வரை சுத்திக்கொண்டே காத்திருக்கிற லொக்) அளவே பெருக்கும், அது உள்ள ஸ்ட்ரக்டுகளின்ட அமைப்பும் மாறும். பழைய கேஓ பைல் ஏறினாலும் கண்ட இடத்தில் எழுதும்.

கொட்டாஞ்சேனை அக்கா

லொக் ரிப்போர்ட் வந்தாலும் அதைப் பிடிக்க வழி வேணும் தம்பி. உறையுற மெஷின் டிஸ்க்கில் எழுதி முடிக்காது, அதனாலதான் ஜேர்னல் வெறுமை. டெஸ்க்டொப் என்றால் சீரியல் போர்ட்டால் செய்திகளை வேற மெஷினுக்கு அனுப்புறதுதான் நம்பகம். மதர்போர்ட்டில் கொம் என்று அச்சடிச்ச இடத்தைப் பாருங்க, பத்துப் பின்னுக்கான கட்டத்தில் ஒன்று இல்லாமல் ஒன்பது நிற்கும். அதுக்கு ஒரு பிராக்கெட் கேபிள், ஒரு நல்-மொடெம் கேபிள் (அனுப்புற, வாங்குற வயர்கள் மாறிப் போட்டது), மறுபக்கத்து லப்டொப்புக்கு யூஎஸ்பி–ஆர்எஸ்232 அடப்டர். கொழும்பு யூனிட்டி பிளாசாவில் கேளுங்க, இல்லாட்டி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. கேட்கிறப்ப ஆர்எஸ்232 என்று சொல்லிக் கேளுங்க. மைக்ரோகண்ட்ரோலருக்குப் பாவிக்கிற 3.3 வோல்ட் டிடிஎல் துண்டை மாட்டினால் அது கருகிப் போகலாம். பிராக்கெட் கேபிளில் இரண்டு விதமான வயரிங் இருக்கு. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு எழுத்துக்கூட வராவிட்டால் முதலில் அதைத்தான் சந்தேகப்படணும்.

பூட் வரியில் கொன்சோல்=டிடிவை0 கொன்சோல்=டிடிவைஎஸ்0,115200 இக்னோர்_லொக்லெவல் என்று மூன்றையும் சேருங்க. லப்டொப்பில் சீரியலைப் பார்க்க மினிகொம் பாவிச்சால் ஹார்ட்வேர் ப்ளோ கொன்ட்ரோலை இல்லை என்று மாத்துங்க. அது இயல்பாகவே ஆமில் இருக்கும், மூன்று வயர் கேபிளில் டைப் பண்ணுற ஒன்றும் அந்தப் பக்கம் போய்ச் சேராது.

உறையுற மெஷினிலேயே யூஎஸ்பி சீரியலைக் கொன்சோலாகப் போடாதீங்க. யூஎஸ்பி எழும்ப நேரமெடுக்கும், சாகிற நேரத்தில் முதலில் சாவதும் அதுதான். கேர்னல் செய்திகளை நெட்வேர்க்கால் அனுப்புற நெட்கொன்சோல் இரண்டாவது வழி. அதுக்கு வயர் ஈதர்நெட் வேணும், வைபையை நம்பாதீங்க.

வெள்ளவத்தையான்

சீரியல் வேலை செய்யுது. இனிட்ஆர்டியும் 40 எம்பிக்கு இறங்கிட்டுது. ஆனால் லொக்டெப் (புரூவ்_லொக்கிங் ஏற்றுற லொக் சோதனை) ஒரு ரிப்போர்ட்டும் தரவில்லை. மெஷின் திரும்ப உறைஞ்சது, பத்து விநாடி அளவில் ஹார்ட் லொக்கப் என்ற செய்தி மட்டும் சீரியலில் வந்தது. எங்கட டிரைவரின் இன்டரப்ட் ஹான்ட்லரில் (இன்டரப்ட் வந்தால் ஓடுற பங்ஷன்), ஸ்பின்லொக் எடுக்கிற இடத்தில் நிற்குது.

தெமட்டகொடை

அப்ப லொக்டெப் முழிச்சிருக்கேல்லை. /புரொக்/லொக்டெப்_ஸ்டாட்ஸ் பைலில் கீழ்ப்பக்கம் டிபக்_லொக்ஸ் என்ற வரியைப் பாருங்கோ. 0 என்றால் அணைஞ்சு போச்சு. கேர்னலின்ட நம்பகத்தைக் குறைக்கிற விஷயங்களைக் குறிச்சு வைக்கிற /புரொக்/சிஸ்/கேர்னல்/டெயின்டட் என்ன சொல்லுது?

வெள்ளவத்தையான்

டிபக்_லொக்ஸ் 0. டெயின்டட் 12289.

தெமட்டகொடை

12289ஐப் பிரிச்சால் 8192, 4096, 1. 8192 கையொப்பமில்லாத மொடியூல், 4096 சோர்ஸுக்கு வெளியே கட்டின மொடியூல். இரண்டும் உங்கட டிரைவரால் வரக்கூடியது, லொக்டெப்புக்கு அதால் பாதிப்பில்லை. அந்த 1தான் பிரச்சினை: ஜிபிஎல் அல்லாத மூடிய மொடியூல் ஒன்று ஏறியிருக்கு. அது ஏறின நொடியிலேயே கேர்னல் லொக் சோதனையை நிறுத்திப்போடும். பூட் செய்திகளில் டிசேபிளிங் லொக் டிபக்கிங் டியூ டு கேர்னல் டெயின்ட் என்ற வரி இருக்கும், தேடிப் பாருங்கோ. மூடிய கிராபிக்ஸ் டிரைவர் ஏதும் கிடக்கோ? இல்லாவிட்டால் உங்கட டிரைவரின்ட மொடியூல்_லைசன்ஸ் வரியில் ஜிபிஎல் என்று இருக்கோ?

வெள்ளவத்தையான்

கிராபிக்ஸ் டிரைவர்தான். பிளாக்லிஸ்டில் போட்டு, இனிட்ஆர்டியைப் புதுப்பிச்சு பூட் பண்ணினேன். டெயின்டட் 12288, டிபக்_லொக்ஸ் 1. டிரைவரை ஏற்றி ஒருக்கா வாசிச்சதுமே, மெஷின் உறைய முதலே இது வந்தது:

சிபியூ0
----
லொக்(&டெவ்->லொக்);
<இன்டரப்ட்>
  லொக்(&டெவ்->லொக்);
* டெட்லொக் *

மேலே இன்கன்சிஸ்டன்ட் லொக் ஸ்டேட் என்று தலைப்பு. மெஷின் உறையாமலே எப்படி டெட்லொக் என்று சொல்லுது?

தெமட்டகொடை

லொக்டெப்பின்ட அருமையே அதுதான். டெட்லொக் நடக்கும்வரை அது காத்திருக்காது. ஒவ்வொரு லொக்கும் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று குறிச்சு வைக்கும். உங்கட லொக்கை ஒருக்கா இன்டரப்ட் ஹான்ட்லருக்குள் எடுத்ததைப் பார்த்தது. வேறொரு நேரம், ரீட் பங்ஷனில், இன்டரப்ட் திறந்திருக்க எடுத்ததையும் பார்த்தது. இரண்டும் ஒரே சிபியூவில் ஒன்றுக்கு மேல் ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லுது. ரீட் லொக்கைப் பிடிச்சிருக்க இன்டரப்ட் வருது, ஹான்ட்லர் அதே லொக்குக்குச் சுத்துது. ஹான்ட்லர் முடியாமல் ரீட் தொடராது, ரீட் தொடராமல் லொக் விடுபடாது. நீங்கள் சீரியலில் பார்த்த ஹார்ட் லொக்கப் இதுதான்.

ரீட் பங்ஷனில் ஸ்பின்_லொக்கை ஸ்பின்_லொக்_ஐஆர்க்யூசேவ் ஆக்குங்கோ, விடுற இடத்தில் ஸ்பின்_அன்லொக்_ஐஆர்க்யூரெஸ்டோர். அந்த லொக்கை எடுக்கிற மற்ற இடங்களிலும், ஐஓகன்ட்ரோல், குளோஸ் எல்லாவற்றிலும் பாருங்கோ. ஹான்ட்லருக்குள் வெறும் ஸ்பின்_லொக் போதும்.

சரியான வரியைப் பிடிக்க ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள பேடர்2லைனுக்கு, ஸ்ட்ரிப் பண்ணாத கேஓ பைலையும் ரிப்போர்ட்டில் வந்த பங்ஷன்+ஒப்செட்டையும் குடுங்கோ. பைல் பெயரும் வரி இலக்கமும் வரும்.

லொக்டெப் முதல் ரிப்போர்ட்டோடு தன்னை அணைச்சுக்கொள்ளும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ரீபூட் பண்ணுங்கோ, இல்லாவிட்டால் பிழை போயிட்டுது என்று ஏமாறுவீங்கள்.

வெள்ளவத்தையான்

மாற்றிக் கட்டினேன், அந்த ரிப்போர்ட் போயிட்டுது. இப்ப ஸ்லீப்பிங் பங்ஷன் கோல்ட் ப்ரொம் இன்வலிட் கொன்டெக்ஸ்ட் என்று ஒன்று, கொப்பி_டு_யூசர் உள்ள வரியில்.

கொட்டாஞ்சேனை அக்கா

அது டிபக்_அட்டொமிக்_ஸ்லீப் பிடிச்சது. லொக்கைப் பிடிச்சபடி கொப்பி_டு_யூசர் கூப்பிட்டிருக்கீங்க. யூசர் பக்கத்துப் பேஜ் ராமில் இல்லாட்டி அது தூங்கிப் போகும், ஸ்பின்லொக்கோடு தூங்கக் கூடாது. லொக்குக்குள்ள உள் பஃபருக்கு மெம்கொப்பி பண்ணி, லொக்கை விட்டுட்டு, அங்கிருந்து கொப்பி_டு_யூசர் செய்யுங்க.

வெள்ளவத்தையான்

இரண்டும் சரி. இரவு முழுக்க இன்டரப்ட் ஓட விட்டும் உறையேல்லை, டிபக்_லொக்ஸ் இன்னும் 1இல் நிற்குது. வேலைக்கு ஓடுற மெஷினில் இந்த ஒப்ஷன்களில் எதை விடலாம்?

கொட்டாஞ்சேனை அக்கா

புரூவ்_லொக்கிங்கும் கேசானும் வேண்டாம். டுவார்ப் தகவல் ஓடுற வேகத்தைத் தொடாது, டிஸ்க் இடம் மட்டும்தான், விடுங்க. ஹார்ட்லொக்கப், 120 விநாடியில் பேசுற டிடெக்ட்_ஹங்_டாஸ்க் இரண்டும் இருக்கட்டும். மெமரிப் பிழைக்குக் கேசானுக்குப் பதில் கேபென்ஸ் போடுங்க, 5.12இலிருந்து இருக்கு. இயல்பான அளவில் 2 எம்பி மட்டும் எடுக்கும், 100 மில்லிசெக்கனுக்கு ஒரு அலொக்கேஷன் மட்டும்தான் அதன்ட காவலுக்குள்ள போகும். அதனால ஒரு நாளில் பிடிபடாது, மாதக்கணக்கில் ஓடுற மெஷினுக்குத்தான் அது பொருத்தம். அந்தக் கேர்னலுக்கு லோக்கல்வேர்ஷன் வேற வைச்சு, டிரைவரை அதுக்கும் திரும்பக் கட்டுங்க.