ரெய்டு 5: டிஸ்க் நான்கு, வேகம் ஒன்றுக்குத்தான்

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ:
சேலத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து பதினொரு கல்யாணம் எடிட்டிங்கில் கிடக்கிறது. லினக்ஸ் கணினியில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கைச் சேர்த்து மென்பொருள் ரெய்டு 5 (டிஸ்க்குகளை ஒன்றாக்கும் முறை; மூன்று டிஸ்க் அளவுக்குத் தரவு, ஒரு டிஸ்க் அளவுக்குப் பழுதானால் மீட்கும் தகவல்). அதன் மேல் எல்விஎம், அதாவது இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் அடுக்கு. எடிட்டிங்கும் அதே கணினியில்தான், ஆகவே நெட்வொர்க் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். தனி டிஸ்க் நொடிக்கு 180 எம்பி படிக்கிறது. நான்கும் சேர்ந்து 170! ஸ்ட்ரைப் கேஷை (ரெய்டு தன் வேலைக்கு ஒதுக்கும் நினைவகம்) 256-லிருந்து 8192 ஆக்கினேன்; ஓர் எம்பிகூட ஏறவில்லை. பெண் வீட்டார் நாளுக்கு மூன்று முறை ஃபோன் செய்கிறார்கள்.

அஸ்தம்பட்டி:
ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் பாருங்கள், டிஸ்க் சரிபார்ப்பு ஏதும் ஓடுகிறதா? டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு அது தானாகத் தொடங்கும். எனக்கு அப்படித்தான் வேகம் பாதியானது.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ:
ஒன்றும் ஓடவில்லை.

ஏற்காட்டு மிளகு:
தம்பி, ஸ்ட்ரைப் கேஷ் எழுதுவதற்கு உதவுவது. நீங்கள் வைத்த அளவு 128 எம்பி நினைவகத்தைத் தின்றதுதான் மிச்சம். ரீட்அஹெட் (கேட்கும் முன்பே படித்து வைக்கும் அளவு) எவ்வளவு என்று கீழே உள்ள எம்டி சாதனத்திலும் (அதாவது ரெய்டிலும்) மேலே உள்ள எல்விஎம் வால்யூமிலும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். மேலே இருப்பதுதான் செல்லும்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ:
கீழே 6144. மேலே 256.

ஏற்காட்டு மிளகு:
அங்கேதான் சிக்கல். 256 செக்டார் (ஒன்று 512 பைட்) என்றால் 128 கேபி. சங்க் என்பது ஒரு டிஸ்க்கில் எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவும் அளவு; நீங்கள் மாற்றாதிருந்தால் அது 512 கேபி. காப்பித் தோட்டத்தில் மூன்று வரிசைக்கு மூன்று ஆளை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே செடிக்கு மட்டும் வேலை சொல்வதைப் போல. ஒருவர் பறிக்க மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். எம்டி தானாக வைத்த 6144 இரண்டு முழு ஸ்ட்ரைப் (மூன்று தரவுச் சங்க் ஒரு ஸ்ட்ரைப்), அதாவது 3 எம்பி. மேலேயும் அதற்குக் குறையாமல் வையுங்கள். பிளாக்டெவ் கட்டளையில் மாற்றினால் ரீபூட்டில் போய்விடும். எல்விசேஞ்ச் கட்டளையில் மாற்றுங்கள். சோதிக்கும் முன் லினக்ஸ் ரேமில் வைத்திருக்கும் கோப்புக் கேஷைக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் ரேமின் வேகத்தைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோ:
அண்ணா, 6144-க்கே 430 வந்தது! ஆசை விடவில்லை, 65536 வைத்தேன், 470. ஆனால் புகைப்படங்களின் சிறு உருவங்கள் வரத் தடுமாறின. இறங்கி 16384-இல் நின்றுவிட்டேன், 460. ஸ்ட்ரைப் கேஷையும் பழையபடி வைத்துவிட்டேன். மூன்று கேமராக் காட்சியும் ஒன்றாக ஓடுகின்றன. பெண் வீட்டார் இப்போது ஆல்பம் கேட்டு ஃபோன் செய்கிறார்கள்.